பொச்சாவாமை

46 வயதில், மருத்துவரின் இசைவோடு, நாளில் 16 மணி நேரம் உண்ணாதிருக்கும் முறையைக் கைக்கொண்டோம். இரவு 8 மணிக்கு மூடிய வாய் மறுநாள் நண்பகலில்தான் திறக்கும். இடையில் தண்ணீர் மட்டும். விடியலில் மனம் தெளிந்திருந்தது. விடைத்தாள் கட்டுகள் வழக்கத்தினும் விரைவில் முடிந்தன. அதில் சற்றே கர்வமும் கொண்டோம்.

மூன்றாம் வாரம், 11 மணி வகுப்பு. திருக்குறளின் 54ஆம் அதிகாரமாகிய பொச்சாவாமையை நடத்திக்கொண்டிருந்தோம். பொச்சாப்பு என்றால் மறதி. முதற்குறளின் முதலடியைச் சொன்னோம். அடுத்த அடி வரவில்லை. 20 ஆண்டுகளாக நாவில் கிடந்த அடி. கடைசி வரிசை மாணவன் மெல்ல எடுத்துக் கொடுத்தான். வகுப்பு சிரித்தது, நாமும் சிரித்தோம். உள்ளே நடுங்கினோம். இறுதி நாட்களில் பெற்ற பிள்ளையையே மரியாதையோடு “நீங்க யாரு?” என்று கேட்ட அம்மாவின் முகம் கண்முன் நின்றது.

உடல் எடையில் 2 விழுக்காடே ஆன மூளை, உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. கல்லீரலின் சர்க்கரைச் சேமிப்பு குறையக் குறைய, கொழுப்பிலிருந்து உண்டாகும் கீட்டோன்கள் அதற்கு ஊட்டமாகின்றன. அம்மாற்றத்துக்கு உடல் பழகவேண்டும். எனினும் பழி முழுவதையும் பட்டினிமேல் போட இயலவில்லை: நள்ளிரவு வரை விழித்திருந்தோம், தண்ணீரும் போதிய அளவு குடிக்கவில்லை. மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் நன்கு பசித்தபின் உண்ணச் சொன்னாரேயன்றி, பசியோடு பந்தயம் கட்டச் சொல்லவில்லை.

இப்போது 11 மணி வகுப்புள்ள நாட்களில் உண்டபின்பே போகிறோம். அம்மாவின் மறதி நமக்கும் வருமா என்பதற்கு விரதத்தில் விடையில்லை.

அன்று அடியெடுத்துக் கொடுத்தவனின் பெயரை நாம் அறிந்திருக்கவில்லை. அது பசியால் வந்த மறதியன்று. அடுத்த வகுப்பில் முதல் வேலையாகக் கேட்டுத் தெரிந்துகொண்டோம். இதுவரை மறக்கவில்லை.