மோட்டார் எவ்வளவு, நான் எவ்வளவு?

பக்கவாதம் வந்தவரின் கையை என் இரண்டு கைகளிலும் ஏந்தும்போது நான் முதலில் பார்ப்பது அதன் கனத்தை. 65 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒரு கை மட்டுமே மூன்று கிலோவுக்குக் குறையாது. உடம்பு நன்றாக இருக்கும்வரை அந்தக் கனம் யாருக்கும் தெரிவதில்லை. மூளையில் ரத்தக்குழாய் அடைத்தோ வெடித்தோ கைக்குப் போகும் கட்டளை மெலிந்த பிறகுதான் தெரிகிறது. தோளைத் தூக்கச் சொன்னால் முழங்கை தானாக மடிகிறது, மணிக்கட்டு தொங்குகிறது, விரல்கள் உள்ளங்கைக்குள் சுருண்டுகொள்கின்றன. அவர் விரலை நினைக்கவே இல்லை, தோளைத்தான் நினைத்தார். ஸ்வீடனில் பிறந்து அமெரிக்காவில் வேலை பார்த்த சிக்னே பிரன்ஸ்ட்ராம் என்ற பிசியோதெரபிஸ்ட் இந்தக் கூட்டு மடிப்பைக் கட்டம் கட்டமாகப் பார்த்து எழுதிவைத்தார். இன்றும் எங்கள் கேஸ் ஷீட்டில் அவர் பெயரில் ஒரு கட்டம் இருக்கிறது.

சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஜூல்ஸ் டிவால்டின் குழு இதை ரோபோவை வைத்து அளந்தது. கையின் கனத்தை இயந்திரம் தாங்கிக்கொண்டால் அதே நோயாளி இன்னும் கொஞ்ச தூரம் எட்டுகிறார். கனத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பிக் கொடுத்தால் எட்டும் தூரம் சுருங்கிவிடுகிறது. நான் நோயாளியைப் பார்க்கும் விதத்தையே மாற்றிய ஆய்வு இது. கையை நீட்டவே முடியாதவர் வேறு, தன் கையைத் தானே சுமந்துகொண்டு நீட்ட முடியாதவர் வேறு. இரண்டாமவருக்குச் சிகிச்சையில் செய்ய எவ்வளவோ இருக்கிறது. ரோபோ வர வேண்டிய இடமும் அதுதான்.

“மிஷின்ல போட்டா கை வந்துடுமா மேடம்?” என்று வீட்டார் கேட்கிறார்கள். அவர்கள் மனதில் இருப்பது கையைக் கட்டிவைத்து ஆட்டிக்கொடுக்கும் இயந்திரம். அப்படியும் உண்டு; மூட்டு இறுகாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். அசைவைக் கற்றுத்தராது. கற்றுத்தரும் ரோபோவின் வரலாறு அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1989-இல் தொடங்குகிறது. நெவில் ஹோகனும் ஹெர்மனோ இகோ கிரெப்ஸும் அங்கே உருவாக்கிய ‘மேனஸ்’, 1990-களின் நடுவில் நியூயார்க் மாநிலத்துப் பர்க் மறுவாழ்வு மருத்துவமனையில் நோயாளிகளிடம் வந்தது. தொழிற்சாலை ரோபோவுக்கு ஓர் இடத்தைச் சொன்னால் வழியில் எது இருந்தாலும் தள்ளிக்கொண்டு அங்கே போய் நிற்கும். காருக்கு வெல்டிங் வைக்க அந்தப் பிடிவாதம் தேவை, நோயாளியின் கைக்கு ஆகாது. மேனஸின் பிடியை நோயாளி தள்ளினால் அது கனமே இல்லாததுபோல் கூடவே வரும். வழி தவறினாலோ பாதியில் நின்றாலோதான் மெல்ல இழுத்துக்கொண்டு போகும். கிணற்றில் நீச்சல் பழக்குகிறவர் பிள்ளையின் இடுப்பில் கட்டிய கயிற்றைப் பிடித்திருப்பது இப்படித்தான்: முழுகும்போது இறுகும், மிதக்கும்போது தளரும். எந்த நொடியில் தளர்த்துவது என்று தெரிந்தவர்தான் நீச்சல் பழக்க முடியும்.

என் கை நோயாளியின் கைக்கு அடியில் இருக்கும்போது நானும் இதைத்தான் செய்கிறேன். அவர் கை முயல்வது என் உள்ளங்கையில் தெரியும். ஒரு சின்னத் துடிப்பு, பிறகு பாரம் ஒரு மயிரிழை குறையும். அந்த அளவுக்கு என் தாங்கலை விலக்குகிறேன். இது படித்து வந்த விஷயமில்லை. ஏந்தி ஏந்தி வந்தது. ஆனால் என் கை களைக்கும். மதியத்துக்குமேல் காலையில் கொடுத்த அதே தாங்கலைக் கொடுக்கிறேனா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. இயந்திரம் களைப்பதில்லை.

எண்ணிக்கையும் சேர்ந்துகொள்கிறது. கேத்தரின் லாங்கும் உடன் ஆய்வாளர்களும் வட அமெரிக்க சிகிச்சை மையங்களில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்து 2009-இல் எழுதினார்கள்: ஓர் அமர்வில் நோயாளியின் கை ஒரு வேலைக்காகச் செய்த அசைவுகள் சராசரியாக 32. விலங்குகளிடம் மூளை தன் வரைபடத்தை மாற்றிக்கொள்ளச் செய்வித்த அசைவுகளோ நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில். அடுத்த ஆண்டு அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 127 பேரை வைத்து நடந்த ஆய்வு வெளியானது. அதில் ரோபோவோடு உட்கார்ந்தவர்கள் ஓர் அமர்வில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அசைவுகள் செய்தார்கள். 32 எங்கே, ஆயிரம் எங்கே! எங்கள் துறையில் பலர் அன்று ரோபோவின் பக்கம் திரும்பியதற்கு இந்த ஒரு கணக்கே போதுமானதாக இருந்தது. ஆனால் அதே ஆய்வில், ரோபோவுக்கு ஈடாக சிகிச்சையாளர் கையாலேயே அத்தனை தீவிரமாகப் பயிற்சி கொடுத்த குழுவும் ஏறக்குறைய அதே அளவு தேறியது.

வலது பக்கம் விழுந்த ஒரு மளிகைக்கடைக்காரர் எங்களிடம் வந்துகொண்டிருந்தார். மேசைமேல் வைக்கும் சிறிய ரோபோவில் அவர் கையைப் பொருத்தினோம். மணிக்கட்டை மேலும் கீழும் அசைத்தால் திரையில் ஒரு மட்டை நகர்ந்து பந்தைத் தட்டும். கொஞ்ச நேரம் ஆடினார், நிறைய பந்துகளைத் தட்டினார், பக்கத்தில் நின்ற மகனுக்கு ஒரே சந்தோஷம். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

“ஏம்மா, இதுல மோட்டார் எவ்வளவு, நான் எவ்வளவு?” என்று கேட்டார்.

வாழ்நாளெல்லாம் பற்று வரவு எழுதியவருக்குத்தான் அந்தக் கேள்வி வரும். ரோபோ சிகிச்சையின் சாரமும் அந்தக் கேள்விதான். மோட்டாரின் உதவியை நிறுத்திவிட்டு மணிக்கட்டைத் தூக்கச் சொன்னேன். திரையில் கோடு சற்றே எழும்பி விழுந்தது. “இது உங்களோடது ஐயா. மேல இருந்தது மோட்டாரோடது.”

அவர் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப தினமும் முதல்ல என்னோடதைக் குறிச்சிருங்க. அப்புறம் ஆடலாம்.”

அன்றிலிருந்து எங்கள் பிரிவில் எல்லா நோயாளிகளுக்கும் அதுவே முறை. உதவியில்லாத அசைவு முதலில், பயிற்சி பிறகு. இரண்டு மூன்று டிகிரி மாற்றம் என் கண்ணுக்குத் தெரியாது, சென்சாருக்குத் தெரியும். வீட்டில் எல்லாரும் ‘அப்படியேதான் இருக்கு’ என்று சோர்ந்துபோயிருக்கும் வாரத்தில் அந்த மூன்று டிகிரியைக் காட்ட முடிவது பெரிய விஷயம். கோடு நகராத வாரங்களும் உண்டு. அதையும் மறைக்காமல் காட்டிவிடுகிறேன்.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகத்தில் டேவிட் ரைன்கென்ஸ்மையர் குழு கண்டது இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது. ரோபோ தொடர்ந்து தூக்கிக்கொடுத்தால் நோயாளியின் நரம்பு மண்டலம் தன் பங்கைத் தானாகவே குறைத்துக்கொள்கிறது. அவர் ஏமாற்றுகிறார் என்று யாரும் நினைக்க வேண்டாம். குறைந்த செலவில் வேலையை முடிக்கத்தான் எல்லா உடம்பும் பார்க்கும். அதனால்தான் நல்ல ரோபோ, நோயாளி தேறத் தேற உதவியைக் குறைத்துக்கொண்டே வரும்படி எழுதப்படுகிறது. அந்த அமைப்பு இருந்தும் பெரும்பாலான இடங்களில் உதவி ஒரே அளவில் கிடப்பதைப் பார்க்கிறேன். திரையில் மதிப்பெண் ஏறினால் நோயாளிக்கு மகிழ்ச்சி, பணம் கட்டும் மகனுக்கும் மகிழ்ச்சி, அவ்வளவு ஏன், எங்களுக்கும் மகிழ்ச்சி. உதவியைக் குறைத்தால் அன்று மதிப்பெண் இறங்கும். இறங்கட்டும் என்று சொல்லும் துணிவு சிகிச்சையாளருக்கு வேண்டும்.

நடைக்கான ரோபோக்களிலும் கதை இதேதான். சுவிட்சர்லாந்தின் ‘லோகோமேட்’ உடம்பைப் பட்டையில் தொங்கவிட்டு, கால்களை ட்ரெட்மில்லில் நடத்தும். ஓரளவு நடக்கத் தெரிந்தவர்களை அதில் ஏற்றிப் பார்த்த 2009-ஆம் ஆண்டு ஆய்வில், சிகிச்சையாளர் கூடவே நடத்திய குழுதான் வேகத்திலும் தூரத்திலும் முந்தியது. ஆனால் நோய் வந்த முதல் மூன்று மாதத்துக்குள், எழுந்து நடக்கவே முடியாதவர்களுக்கு, வழக்கமான பிசியோதெரபியோடு இயந்திரத்தையும் சேர்த்தால் தனியாக நடக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று காக்ரேன் தொகுப்பாய்வு சொல்கிறது. முடியாதவருக்குத் தாங்கல் மருந்து. முடிகிறவருக்கு அதுவே தடை.

2019-இல் ‘லான்செட்’ இதழில் வந்த பிரிட்டன் ஆய்வு எங்களையெல்லாம் உட்காரவைத்து யோசிக்கச் சொன்னது. 770 பேர், மேனஸின் வழிவந்த ரோபோக்கள், வாரத்துக்கு மூன்று நாள் வீதம் 12 வாரம். கையின் அசைவில் சிறிது முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் கட்டையை எடுப்பது, டம்ளரிலிருந்து தண்ணீர் ஊற்றுவது போன்ற வேலைகளில் ரோபோ குழு வழக்கமான சிகிச்சையை மிஞ்சவில்லை. ரோபோவுக்கு எதிரான தீர்ப்பாக இதைச் சிலர் எடுத்துக்கொண்டார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. திரையில் பந்து தட்டியே ஒருவர் டம்ளரைத் தூக்கிவிட மாட்டார். நடுவில் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது, அதை யாரோ ஒருவர் செய்தாக வேண்டும்.

அந்த மிச்ச வேலை நம் ஊரில் சோற்றுத் தட்டில் தொடங்குகிறது. வலது கை விழுந்தவர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டால் எழுதுவதையோ போனையோ பெரும்பாலும் சொல்வதில்லை. “கையால சாப்பிடணும்” என்கிறார்கள். இடது கையால் ஸ்பூனில் சாப்பிடுவதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கல்யாண வீட்டுப் பந்திக்கே போகாமல் இருப்பவர்களை எனக்குத் தெரியும். மேல்நாட்டுச் சோதனைப் பட்டியல் எதிலும் பிசைதல் இல்லை. செய்து பாருங்கள், எவ்வளவு நுணுக்கமான வேலை! மணிக்கட்டு சற்று மேல்நோக்கி நிமிர்ந்து நிற்க வேண்டும். நான்கு விரல் நுனிகளும் சோற்றில் குழம்பைக் கலந்து, அழுத்தி, திரட்ட வேண்டும். பிறகு முன்கை உள்ளங்கை மேலாகத் திரும்ப, முழங்கை மடிந்து, கை வாய்க்குப் போக வேண்டும். கடைசியில் கட்டைவிரல் கவளத்தை உள்ளே தள்ள வேண்டும். இதில்தான் பக்கவாதக் கை மாட்டிக்கொள்கிறது. முழங்கை மடிந்ததுமே விரல்கள் சுருண்டுவிடும். கவளம் உள்ளங்கையில் நசுங்கும். முன்கை திரும்பாததால் சோறு வழியிலேயே கொட்டிவிடும்.

ஆகவே ரோபோவில் முன்கைத் திருப்பமும் விரல் விரிப்பும் முடிந்த கையோடு, கை சூடாக இருக்கும்போதே, ஸ்டீல் தட்டை வைக்கிறேன். முதலில் பொரி, பிறகு அவல், அப்புறம் குழைந்த தயிர்சாதம். உதிரிச் சோறு கடைசியில்தான். முழங்கைக்கு அடியில் என் கை இருக்கும், விலகும். மனைவியோ மருமகளோ பக்கத்தில் இருந்தால் சிந்தும் சோற்றைப் பார்த்ததும் ஊட்டிவிடக் கை நீட்டுவார்கள். “கொஞ்சம் பொறுங்கம்மா” என்று அவர்களையும் பழக்குவது என் சிகிச்சையில் பாதி. விரலுக்குப் பயிற்சி என்று எல்லார் வீட்டிலும் வாங்கிக் கொடுத்திருக்கும் ரப்பர் பந்தையும் பெரும்பாலும் வாங்கி வைத்துக்கொள்கிறேன். ஏற்கெனவே இறுகி மூடும் கைக்கு மூடப் பயிற்சி எதற்கு? திறக்கத்தான் ஆள் வேண்டும்.

வேலூர் சி.எம்.சி.யும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து உருவாக்கிய ‘புளூட்டோ’ வந்தபோது எனக்கு நம்பிக்கை பிறந்தது. ஒரே மோட்டார், மணிக்கட்டுக்கு ஒரு பிடி, முன்கைத் திருப்பத்துக்கு ஒன்று, விரல் திறந்து மூட ஒன்று என்று மாற்றி மாற்றி மாட்டிக்கொள்ளலாம். மேசைமேல் அடங்கிவிடும், வீட்டுக்கும் கொண்டுபோகலாம். பெரிய ஊர்களின் பெரிய மருத்துவமனைகளில் மட்டுமே இருந்த ஒன்று தாலுகா ஆஸ்பத்திரிக்கு வருமானால் இப்படிப்பட்ட வடிவில்தான் வரும்.

பொறியாளர்கள் யார் எங்கள் பிரிவுக்கு வந்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: பிசைவதற்கு ஒரு பிடி செய்து கொடுங்கள். விரல் நுனிகள் ஐந்தும் தனித்தனியே படியும்படி. தயிர்சாதத்துக்கும் உதிரிச் சோற்றுக்கும் உள்ள வித்தியாசம் விரலுக்குத் தெரியும்படி. நோயாளி திரட்ட முயலும்போது மோட்டார் விலகும்படி. சமீபத்தில் வந்த ஓர் இளைஞர் குறிப்பெடுத்துக்கொண்டே, “பிசையும்போது எவ்வளவு விசை வரும் மேடம்?” என்று கேட்டார். நல்ல கேள்வி, அளந்து சொல்கிறேன் என்றேன். சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்றை வாங்கி வந்திருக்கிறேன். எங்கள் பிரிவில் மதியம் சாப்பிட உட்காரும் எல்லாரும் இப்போது தட்டைத் தராசின் மேல் வைத்துத்தான் சாப்பிடுகிறார்கள். எதிரில் ஒருவர் செல்போனில் அந்த எண்களை வீடியோ எடுத்துக்கொண்டிருப்பார்.