நாடா போகும் நேரம்

கணினி விளையாட்டுகளைப் பற்றிய பேச்சு எம்மவர் மத்தியில் எழும்போதெல்லாம் அது பெரும்பாலும் முறைப்பாடாகவே இருக்கிறது. கண் கெடுகிறது, படிப்புக் கெடுகிறது, தூக்கம் கெடுகிறது என்கிறோம். அவற்றை மறுப்பது என் நோக்கமன்று. ஆயினும், அப்படியான விளையாட்டொன்றினுள் என் மகள் ஒரு கைத்தறியைக் கட்டி ஓடவிட்டதைச் சொல்லாமலிருக்க மனம் வரவில்லை.

அந்த விளையாட்டின் பெயர் மைன்கிராப்ட். சுவீடனைச் சேர்ந்த மார்க்கஸ் பேர்சன் 2009இல் முதன்முதலாக வெளியிட்டது. 2014இல் மைக்ரோசொப்ட் அதனை 2.5 பில்லியன் டொலருக்கு வாங்கியது. 2023ஆம் ஆண்டளவில் 30 கோடிக்கும் அதிகமான பிரதிகள் விற்றிருந்தன. அதன் உலகம் கட்டைகளால் ஆனது. மண், கல், மரம், கம்பளி யாவும் ஒரே அளவுக் கட்டைகள்தாம். அடுக்கினால் வீடாகும், பாலமாகும், நகரமாகும். பிள்ளைகள் பலர் அத்துடன் திருப்தியடைந்துவிடுகிறார்கள். சிலருக்கு மட்டும் கட்டியது அசையவும் வேண்டும். சுழலும் காற்றாலை, பொங்கும் நீரூற்று, ஓடும் விளக்குத் தோரணம் என்று அவர்கள் இறங்கிவிடுகிறார்கள். என் மகளும் அந்தச் சிலரில் ஒருத்தி.

அசைவுக்கு மூலப்பொருள் ரெட்ஸ்டோன் எனும் சிவப்புத் தூள். நிலத்தில் கோடாகத் தூவினால் மின்கம்பிபோலச் சமிக்ஞையைக் கடத்தும். ஆனால், 15 கட்டைகளுக்கு அப்பால் அதன் வலு தீர்ந்துவிடும். அவ்விடத்தில் ரிபீட்டர் என்ற சிறு பலகையை வைத்தால் சமிக்ஞை புதுவலு பெற்று மேலே செல்லும். அதே ரிபீட்டர் சமிக்ஞையைத் தாமதப்படுத்தவும் செய்யும். 0.1 விநாடியிலிருந்து 0.4 விநாடி வரை நாம் விரும்பியபடி வைக்கலாம். சமிக்ஞை கிடைத்ததும் பிஸ்டன் தன் முன்னாலுள்ள கட்டையை ஓரிடம் தள்ளும். பசை பூசிய பிஸ்டன் அதைத் திரும்ப இழுத்தும் கொள்ளும். விளக்குக் கட்டை எரியும், அணையும். இவ்வளவுதான் கருவிகள்.

மகளின் தோரணங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு விடயத்தை அவதானித்தேன். அங்கே ஓடுவதாகத் தெரியும் ஒளி உண்மையில் ஓடுவதில்லை. ஒரு விளக்கு அணைய அடுத்தது எரிகிறது. ஓட்டத்தை நம் கண்தான் சேர்த்துக்கொள்கிறது. ஆகவே கட்டுபவர் செதுக்குவது உருவத்தை அல்ல, நேரத்தை. எது முதலில், எது பின்னர், இடையில் எவ்வளவு பொறுக்க வேண்டும் என்பது தெரியாவிட்டால் எத்தனை அழகாக அடுக்கினாலும் அது அசையாது.

எங்கள் ஊர் மருதமுனை. நெசவால் பெயர் பெற்ற ஊர். என் வாப்பா அறுபது வயது தாண்டும்வரை தறியில் இருந்தவர். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு வெளிநாட்டுத் துணிகள் மலிவாக வந்து குவிந்தபோது அக்கம்பக்கத்தில் பலர் தறியைக் கழற்றினார்கள். வாப்பா கழற்றவில்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்து அதை எடுத்துக்கொண்டு போனது. உயிர்கள் போன ஊரில் ஒரு தறியைப் பற்றி என்ன பேச என்று நினைத்தாரோ என்னவோ, அதன்பின் அவர் தறி என்ற சொல்லையே எடுத்ததில்லை. ஊரில் இன்றும் தறிகள் ஓடுகின்றன. அந்தப் பக்கமும் அவர் போனதில்லை.

தொழில் நிமித்தம் நாங்கள் தெஹிவளையில் இருக்கிறோம். கண் வைத்தியத்துக்காகச் சென்ற வருடம் வாப்பா எங்களுடன் மூன்று மாதம் தங்கினார். அப்போதுதான் மகளுக்குத் தறி கட்டும் எண்ணம் வந்தது. முதலில் என்னிடம் கேட்டாள். சின்ன வயது முழுவதும் அந்த ஓசையில் தூங்கி எழுந்தவன் நான். பாவு தெரியும், ஊடை தெரியும், நாடா தெரியும். ஆனால், மிதிகட்டையை எப்போது மாற்றுவது, நாடா போய்ச் சேர்ந்ததும் என்ன நடக்கும் என்று அவள் வரிசைப்படி கேட்டபோது என்னிடம் பதில் இருக்கவில்லை. அவள் மூத்தாப்பாவிடம் போனாள்.

"கைக்கும் காலுக்கும் தெரியும் புள்ள, வாய்க்குத் தெரியா" என்றார் வாப்பா. பிறகு கதிரையின் நுனியில் வந்திருந்தார். கால்கள் மெல்ல மிதிக்கத் தொடங்கின. வலது கை இல்லாத கயிற்றை இழுத்தது. இடது கை இல்லாத சட்டத்தை நெஞ்சை நோக்கி அடித்தது. மகள் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டாள்.

பாவுக்குப் பதினாறு கம்பளிக் கட்டைகள். ஒவ்வொன்றின் கீழும் பசை பூசிய ஒரு பிஸ்டன். ஒற்றை எண் எட்டும் மேலே எழும்போது இரட்டை எண் எட்டும் தாழும். பின்னால் பதினாறு விளக்குகள், நாடாவுக்காக. விளக்கொன்றுக்கு 0.2 விநாடியாக நாடா ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போக 3.2 விநாடி. ஊடையை நெருக்கி அடிக்கும் சட்டத்துக்கு இன்னொரு பிஸ்டன் வரிசை. திரையில் தெரிவது இவ்வளவே. ஆனால், அதன் பின்புறம் போய்ப் பார்த்தால் செந்தூள் கோடுகளும் ரிபீட்டர்களும் முன்பக்கத்தைப்போல் மூன்று மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தன.

ஓடியது. எங்களுக்கெல்லாம் மெத்தச் சந்தோஷம். வாப்பாவுக்குத் திரை சரியாகத் தெரியவில்லை. காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். விளக்குகளுக்குச் சத்தமில்லை, பிஸ்டன்களுக்கு உண்டு. சற்று நேரத்தில் தலையை ஆட்டினார்.

"பிழை புள்ள. சட்டம் துணியோட ஒட்டி நிக்கக்குள்ளேயே காலை மாத்தணும். இதுல சட்டம் திரும்பிப் போன பொறகுதான் கால் மாறுது. அப்படி நெய்தா ஊடை தளர்ந்து போயிரும்."

மகள் பின்பக்கம் போய் எண்ணிப் பார்த்தாள். அவர் சொன்னது சரி. அடிக்கும் சட்டம் பின்வாங்கி 0.4 விநாடி கழித்தே மிதியின் சமிக்ஞை வந்து சேர்ந்தது. அந்தப் பாதையிலிருந்து, தலா 0.4 விநாடி தாமதமுள்ள இரண்டு ரிபீட்டர்களை எடுத்துவிட்டு வெறும் தூளைத் தூவினாள். இப்போது சட்டம் துணியில் நிற்கும்போதே இழைகள் மாறின. வாப்பா மறுபடி கேட்டார். இருபது ஆண்டுகளாக எந்தத் தறியின் பக்கமும் போகாத மனிதர் அந்தத் தாளத்துக்குக் காலை அசைத்துக்கொண்டிருந்தார். "சரிதான். ஆனா இந்த வேகத்துல நெய்தா ஒரு சாரனுக்கு ஒரு மாசம் போகும்" என்றார்.

தறியின் புகைப்படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. இருந்திருந்தாலும் அதில் இந்த 0.4 விநாடி இருந்திருக்காது. ஒரு தொழில் அழியும்போது அதன் கருவி அழிவதைத்தான் நாம் கணக்கில் எடுக்கிறோம். கருவியைத் திரும்பச் செய்துவிடலாம், நூதனசாலையில் வைக்கலாம். எதை எப்போது செய்வது என்ற வரிசை, செய்தவரின் உடம்போடு போய்விடுகிறது. அதை யாரும் அவரிடம் கேட்பதில்லை, ஏனெனில் அது இல்லாமலேயே தறியைப் பற்றி எழுதிவிட முடிகிறது. நானும் எழுதுகிறவன் என்பதால் இதைச் சொல்கிறேன். ஓட வைக்க வேண்டியவளுக்கோ கேட்காமல் முடியவில்லை.

அந்த விளையாட்டில் இன்னொரு நியதி உண்டு. ஆடுபவர் வெகுதூரம் விலகிப் போய்விட்டால் அவர் விட்டுவந்த இடத்துப் பொறிகள் பொதுவாக நின்றுவிடும். திரும்பி வந்தால் மறுபடி ஓடும். இது ஒரு குறை என்று மகள் மூத்தாப்பாவிடம் சொன்னாள். "ஆள் எழும்பிப் போனா தறி நிக்கத்தானே செய்யும்" என்றார் அவர்.

வாப்பா ஊருக்குத் திரும்பிவிட்டார். இப்போது தொலைபேசியில் வேலை நடக்கிறது. மகளுக்குக் கட்டம் போட்ட சாரன் நெய்ய வேண்டுமாம். நிறத்துக்கொரு நாடா வேண்டும் என்றும், எத்தனை இழைக்கு ஒருமுறை நாடா மாற்றுவது என்பதைத் தாம் எண்ணிச் சொல்வதாகவும் வாப்பா சொல்லியிருக்கிறார். இரண்டாவது விளக்கு வரிசைக்கு இடம் தேடிக்கொண்டிருக்கிறாள் மகள்.