ஆரியங்காவில் கம்பன்

கோவைக்காரர்களுக்குக் கம்பன் என்றால் மேடை, மைக்கு, பட்டிமன்றம். பீளமேட்டில் இருந்துகொண்டு நானும் அப்படித்தான் அவனைக் கேட்டு வளர்ந்தேன். அதே பாடல்களை மலையாள நாட்டில் விடிய விடியப் பாவைகளை வைத்துப் பாடுகிறார்கள் என்று தெரிந்ததும் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. உக்கடத்தில் பாலக்காட்டு பஸ் ஏறி, வாளையாறு தாண்டி, ஒற்றப்பாலம் வழியாகக் கூனத்தறை போய்ச் சேர்ந்தேன். அங்கே கவளப்பாறை ஆரியங்காவு பகவதி கோயிலில் தோல்பாவைக்கூத்துக்கென்றே நிரந்தரமாகக் கட்டிய கூத்துமாடம் இருக்கிறது.

நீளமான வெள்ளைத் திரை. அதன் பின்னால் வரிசையாகத் தேங்காய் மூடிகளில் 21 விளக்குகள். எதிரே ஆட்கள் மிகச் சிலர். நள்ளிரவுக்குமேல் அவர்களும் இல்லை. கூத்து நிற்கவில்லை. தாரிகன் என்ற அசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் பத்ரகாளி இராம இராவண யுத்தத்தைப் பார்க்கவில்லையாம். அவளுக்காகத்தான் இந்த ஆட்டம். “ஆளே இல்லீங்களே?” என்று கேட்டேன். “அம்மை இருக்காளே” என்றார் ஒரு கலைஞர்.

நம் ஊர்த் தோல்பாவைகள் வண்ணம் பூசி, வெளிச்சம் ஊடுருவ மின்னும். கோமாளிப் பாவை உளுவத்தலையன் வந்தால் ஊரே சிரிக்கும். இங்கே பாவைகள் கரிய நிழல்கள். உடலெங்கும் இட்ட துளைகளில்தான் நகையும் கண்ணும் ஒளிர்கின்றன. அசைவு குறைவு. முதலில் சலிப்பாகத்தான் இருந்தது. பிறகுதான் காதைத் தீட்டினேன். ஒருவர் கம்பனின் செய்யுளைப் பாடுகிறார்; தமிழும் மலையாளமும் கலந்து அதற்குப் பொருள் விரிகிறது; இன்னொருவர் குறுக்கிட்டு ஐயம் கேட்கிறார்; புராணங்களைத் துணைக்கு அழைத்து விடை வருகிறது. பாவை அசையாமல் நிற்க, சொல் ஆடுகிறது. இந்தக் கூத்துக் கலைஞர்களைப் புலவர் என்பார்கள். அந்தப் பட்டம் இவர்களுக்கு ஏன் பொருந்துகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

நாகபாசத்தில் இலக்குவன் கிடக்க, கருடன் திரைக்குள் சிறகு விரித்து வந்தபோது நான் எழுந்தே நின்றுவிட்டேன். எத்தனையோ நாடகம் பார்த்திருக்கிறேன், இப்படி ஒரு நுழைவைப் பார்த்ததில்லை.

இந்த மரபில் வந்த கிருஷ்ணன்குட்டிப் புலவர் கூத்தைக் கோயிலுக்கு வெளியே, அரங்குகளுக்கும் கொண்டுபோனார். அவர் மகன் இராமச்சந்திரப் புலவருக்கு 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அரங்குகளுக்காகச் சுருக்கிய ஆட்டங்கள் இல்லாவிட்டால் இந்தக் கலை பிழைத்திருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கேள்வியும் விடையும் சுருக்கத்தில் அடங்குவதில்லை. பீளமேட்டின் ஏதாவதொரு கல்லூரித் திடலில் ஒரு முழு ராத்திரியை இவர்களுக்குக் கொடுக்க வேண்டும். நாகபாசப் படலத்தை முழுசாக, விளக்கத்தோடு நம்மவர்கள் கேட்க வேண்டும்.