மறுபடியும் போக முடிகிற இடம்

1989-இல் திருப்போரூரில் ஒரு மனநல கிளினிக் தொடங்கியது. நடத்தியது சென்னையிலுள்ள ஸ்கார்ஃப். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராகப் பல ஆண்டுகள் இருந்த டாக்டர் சாரதா மேனன் ஓய்வுக்குப் பின் 1984-இல் முன்னின்று தொடங்கிய அமைப்பு அது. கிளினிக்கோடு அவர்கள் நிற்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலைய ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், ஊர்க்காரர்களைச் சேர்த்துக் குழு அமைத்தார்கள், தேறி வருகிறவர்களுக்குக் கோழி வளர்ப்பு மாதிரிச் சிறு தொழில்களுக்கும் வழி செய்தார்கள். 1999-இல் கிளினிக் முடிவுக்கு வந்தது. 2005-இல் அதே நிறுவனத்தார் திரும்பிப் போய், பழைய நோயாளிகள் 185 பேர் என்ன ஆனார்கள் என்று தேடினார்கள். சிகிச்சையைத் தொடர்ந்துகொண்டிருந்தவர்கள் 15 சதவீதம். நிறுத்திவிட்டவர்கள் 35 சதவீதம். 21 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். 12 சதவீதம் பேர் வீட்டைவிட்டு எங்கோ போய்விட்டிருந்தார்கள். மீதி 17 சதவீதம் பேரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆரம்பித்த மனநல சேவை ஓராண்டுக்குள் நின்றுபோயிருந்தது. தன் வேலை நிலைக்காமல் போனதைத் தானே அளந்து, மறைக்காமல் எழுதி வெளியிட்ட அந்த நேர்மைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். காரணங்களில் அவர்கள் முதலில் சொன்னவை இரண்டு: போய்வரும் தூரம், போய்வரும் செலவு. நோயைப் பற்றிய தெளிவின்மையும் குடும்பத்தின் கைவிடலும் அவற்றோடு சேர்ந்து வந்தன.

2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரியும்வரை திருப்போரூரும் உத்திரமேரூரும் ஒரே காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தவை. அதனால்தான், மனசு சரியில்லை என்று தோன்றும்போது அரசு ஆஸ்பத்திரிக்குப் போவதா, தனியாரிடம் பணம் கட்டிப் பேசுவதா என்று உத்திரமேரூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று யோசிக்கும்போது, அந்த 185 பேரிடமிருந்து யோசனையைத் தொடங்க வேண்டும் என்கிறேன். அவர்களுக்கு இருந்தது தீவிரமான, நாள்பட்ட நோய். துக்கமும் பயமும் தூக்கமின்மையுமாக ஒருவர் தேடும் ஆலோசனை வேறு என்பது உண்மைதான். ஆனால் ஒரு விஷயம் இரண்டுக்கும் பொது. ஒரே தடவையில் முடிகிற வைத்தியம் இல்லை இது. போக வேண்டும், மறுபடி போக வேண்டும், கொஞ்சம் தேறியதும் போகாமல் விடத் தோன்றும் வாரத்திலும் போக வேண்டும். ஆகவே எந்த இடம் உயர்ந்தது என்பதைவிட, எந்த இடத்துக்கு எட்டாவது முறையும் போக முடியும் என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. அப்படிக் கேட்டால் உத்திரமேரூரைச் சுற்றி மானாம்பதியிலும் சாலவாக்கத்திலும் பெருநகரிலும் இருக்கிற பெரும்பாலோருக்கு முதல் கதவு அரசு ஆஸ்பத்திரியாகத்தான் இருக்க முடியும்.

கணக்கைப் பார்ப்போம். நகரத்தில் தனியார் ஆலோசகரிடம் ஒரு மணி நேரம் பேச ஆயிரம் ரூபாய் என்பது இன்று சாதாரணம். மனச்சோர்வுக்கான பேச்சுச் சிகிச்சை குறைந்தது ஆறு முதல் எட்டு அமர்வாவது நடக்க வேண்டும். எட்டு என்றால் எட்டாயிரம். நூறு நாள் வேலைக்கு 2024-25-இல் தமிழ்நாட்டில் வைத்த தினக்கூலி 319 ரூபாய். ஆக, அந்தக் கணக்கில் நூறு நாளில் கால் பங்கு, இருபத்தைந்து நாள் கூலி, கட்டணத்துக்கே போய்விடும். காஞ்சிபுரத்துக்கோ செங்கல்பட்டுக்கோ போக வர அரை நாளுக்கு மேல் ஆகும். அன்றைய கூலியும் போச்சு. மனம் நொந்திருக்கும் பெண்ணைத் தனியாக அனுப்ப மாட்டார்கள். துணைக்கு வருகிறவரின் கூலியும் போச்சு. பணம் இல்லாமல் மூன்றாம் அமர்வோடு நிற்கும் சிகிச்சையில் இன்னொரு கெடுதலும் உண்டு. போய்ப் பார்த்தும் எனக்குச் சரியாகவில்லை என்ற முடிவுக்கு அவர் வந்துவிடுவார். பிறகு எங்கேயும் போக மாட்டார். 2015-16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வு, மனநலக் கோளாறு உள்ளவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் சிகிச்சைக்கு வெளியே இருப்பதாகக் கண்டது. அரசா தனியாரா என்று நாம் வாதாடிக்கொண்டிருக்கிறோம். அவர்களுக்கு இரண்டுமே இல்லை.

இதற்கு வருகிற முதல் மறுப்பு பலமானது. ஓ.பி. சீட்டு வாங்கி வரிசையில் நின்று, முறை வந்ததும் இரண்டு நிமிடம், கையில் ஒரு மாத்திரைப் பட்டை. அதற்குப் பெயர் ஆலோசனையா? பேசவே இடமில்லாத இடத்துக்குக் கட்டணம் இல்லாமல் போய் என்ன பயன்? இந்த மறுப்பைத் தள்ளிவிட முடியாது. ஆனால் இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று இந்தியாவிலேயே நடந்திருக்கிறது. மனநல ஆய்வாளர் விக்ரம் படேலும் உடனிருந்தவர்களும் கோவாவில் 12 அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களையும் 12 தனியார் பொது மருத்துவர் கிளினிக்குகளையும் எடுத்துக்கொண்டு, இரு பக்கத்திலும் பாதி இடங்களில் மட்டும் ஆலோசகர்களை அமர்த்தினார்கள். அவர்கள் மருத்துவம் படித்தவர்கள் அல்லர். உள்ளூர்ப் பட்டதாரிப் பெண்கள், சுமார் இரண்டு மாதப் பயிற்சி பெற்றவர்கள். முடிவு 2010-இல் லான்செட் இதழில் வந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, ஆலோசகர் இல்லாத அரசு நிலையங்களில் குணமடைந்தவர்கள் 42.5 சதவீதம். ஆலோசகர் இருந்த அரசு நிலையங்களில் 65.9 சதவீதம். தனியார் பக்கத்தில் ஆலோசகர் இருந்த இடத்திலும் இல்லாத இடத்திலும் 65 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. அங்கே ஆலோசகரால் வித்தியாசம் எதுவும் ஏற்படவில்லை.

இந்த எண்களைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். அரசு மட்டம், தனியார் உயர்வு என்று ஊரில் சொல்கிறார்களே, அதில் பாதி உண்மை இருக்கிறது: ஆலோசகர் இல்லாத அரசு நிலையம் தனியாரைவிட வெகுவாகப் பின்தங்கியே இருந்தது. தனியார் டாக்டர் பழகிய முகம், கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுப்பவர். அந்த அக்கறையே ஆலோசனையின் வேலையில் ஒரு பங்கைச் செய்திருக்கும் என்பது என் ஊகம். ஆனால் மறுபாதி இன்னும் முக்கியமானது. காது கொடுத்துக் கேட்கத் தெரிந்த ஒருவரை அரசு நிலையத்தில் உட்கார வைத்ததும் அந்த இடைவெளி மூடிப்போனது. கட்டடம் மாறவில்லை, ஏசி வரவில்லை, வரிசையும் அப்படியேதான் இருந்திருக்கும். அரசு ஆஸ்பத்திரியின் குறை பிறவிக்குறை இல்லை. ஒரு நாற்காலி காலியாக இருப்பதுதான் குறை. அதே குழு கோவாவின் பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் பின்னர் நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், கடும் மனச்சோர்வு உள்ளவர்களுக்கு ஆறு முதல் எட்டு அமர்வு கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் அறிகுறி நீங்கியவர்கள் 64 சதவீதம். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம். கோவா சிறியது, நம்மைவிட வசதியானது என்று ஒருவர் சொல்லலாம். சரிதான். ஆனால் மாவட்ட மனநலத் திட்டத்தை நாட்டில் முதலில் தொடங்கிய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. 1997-இல் திருச்சியில் ஆரம்பித்தோம். மனநல மருத்துவர் தலைமையிலான குழு குறித்த நாட்களில் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கு வந்து பார்ப்பதும் மாத்திரை இலவசமாகக் கிடைப்பதும் அந்தத் திட்டத்தின் அமைப்பிலேயே உண்டு. இவ்வளவு கட்டியவர்களுக்கு அந்த ஒரு நாற்காலியை நிரப்புவது முடியாத காரியம் இல்லை.

இரண்டாவது மறுப்பு மானத்தைப் பற்றியது. கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரையே வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். தெரிந்தவர்கள் நிறைந்த தாலுகா ஆஸ்பத்திரியில் ஒரு கல்யாணமாகாத பெண் மனநல டாக்டரின் அறை வாசலில் உட்கார்ந்திருந்தால், அந்தச் செய்தி அவள் வீடு திரும்புவதற்கு முன்பே தெருவுக்கு வந்துவிடும். தனியார் இடத்தில் காசு கொடுப்பதே இந்த மறைவுக்காகத்தான் என்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் விவரங்களை ரகசியமாக வைக்கச் சொல்கிறது; ஆனால் வாசலில் பார்க்கும் கண்களைச் சட்டம் மூடாது. இதற்கு வழி ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருக்கிறது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வந்தவர்கள் நிற்கிற அதே வரிசையில் நின்று, அதே சீட்டை வாங்கி, அதே வராந்தாவின் ஓர் அறைக்குள் போகும்படி செய்தால் யார் எதற்கு வந்தார்கள் என்பது தெரியாது. பெரிய எழுத்தில் தனிப் பலகை மாட்டிய தனிக் கட்டடத்தைவிட இந்தக் கலப்பு எவ்வளவோ மேல்.

தனியார் கதவை நான் சாத்தச் சொல்லவில்லை. கையில் வசதி இருந்து, நீண்டகாலம் ஒருவரிடமே மனம்விட்டுப் பேச வேண்டிய பிரச்சினை என்றால், அல்லது உள்ளூர் ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர்களே சொந்தக்காரர்களாக இருந்தால், தனியாரிடம் போவதே சரி. ஆனால் அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்டுக்கொண்டு போக வேண்டும். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு இருக்க வேண்டும். ஆலோசகர் என்ற பெயருக்கு நடைமுறையில் அவ்வளவு காவல் இன்னும் வரவில்லை. குறுகிய காலச் சான்றிதழோடு பலகை மாட்டுபவரைத் தடுக்க ஊரில் யாருமில்லை. (கவுன்சிலிங் என்றால் நம் வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது இன்ஜினியரிங் சீட், கவுன்சிலர் என்றால் வார்டு உறுப்பினர். சொல்லே இன்னும் பழகாத இடத்தில் தகுதியை விசாரிக்கும் பழக்கம் எப்படி வரும்?) கேள்வி கேட்காத தனியார் பராமரிப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2001 ஆகஸ்ட் 6 சாட்சி. அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் சிக்கிக்கொண்டார்கள். 28 பேர் இறந்தார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்ட குடும்பங்களில் பல, பக்கத்தில் வேறு வழி காணாதவை என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். ஆனால் ஒருவருக்குக் காதில் குரல் கேட்கிறது, நாள்கணக்கில் தூக்கமில்லை, சாக வேண்டும் என்கிறார் என்றால் அரசா தனியாரா என்று யோசிக்கவே நேரமில்லை. எந்த ஆஸ்பத்திரி பக்கமோ அங்கே, டாக்டரிடம். இரவு நேரமென்றால் 14416 இருக்கிறது. 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் டெலி மானஸ், கட்டணமில்லை, தமிழில் பேசலாம். முதல் கைப்பிடியாக அது நல்லது. ஆனால் வீட்டுக்கு ஒரே போன், அதுவும் கணவர் கையில் என்றால் அந்த வீட்டுப் பெண் எந்த மூலையில் நின்று பேசுவாள்?

உத்திரமேரூர் என்றதும் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரும் குடவோலைத் தேர்தல் விதிகளும் நினைவுக்கு வரும். பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய அந்த விதிகளில் எனக்கு முக்கியமாகப் படுவது ஓலையை எடுத்த விதம் அல்ல. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வர முடியாது என்ற விதி அது. அந்தச் சபையில் பெண்களுக்கும் நிலமில்லாதவர்களுக்கும் இடமில்லை என்பதை மறந்து பெருமைப்பட எனக்கு மனமில்லை. ஆனால் பொதுவில் நடக்கும் ஒன்றைக் கணக்குக் கேட்கலாம் என்ற உரிமை இன்று அவர்களுக்கும் இருக்கிறது. 2017 சட்டத்தின் 18-ஆம் பிரிவு மனநல சிகிச்சையை எல்லோருக்கும் உரிமையாக்கியிருக்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அரசு நிலையங்களில் கட்டணம் கிடையாது. குறைந்தபட்ச சேவைகூட மாவட்டத்தில் இல்லையென்றால், அந்த மாவட்டத்திலேயே வேறு இடத்தில் பெறும் சிகிச்சையின் செலவை அரசு ஏற்க வேண்டும் என்றும் சொல்கிறது. தனியாரிடமோ அப்படிக் கணக்குக் கேட்க முடியாது; பிடிக்கவில்லையென்றால் போகாமல் இருக்கலாம், அவ்வளவுதான். திருப்போரூரில் ஆரம்ப சுகாதார நிலையத்தின் மனநல சேவை ஓராண்டில் நின்றபோது, ஊர் எழுந்து கேட்டிருந்தால் அந்த 185 பேரில் சிலருடைய கதையாவது மாறியிருக்கலாம். தமிழ்நாட்டில் கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. தெருவிளக்கும் குடிநீரும் பேசி முடித்த பிறகு, திருப்புலிவனத்திலும் சாலவாக்கத்திலும் யாராவது ஒருவர் எழுந்து கேட்கலாம்: நம் ஆஸ்பத்திரிக்கு மனநல டாக்டர் எந்தக் கிழமை வருகிறார்? போன மாதம் எத்தனை தடவை வந்தார்? மாத்திரை தீராமல் இருந்ததா? உட்கார்ந்து பேச ஓர் ஆளும், சாத்திக்கொள்ள ஒரு கதவும் அங்கே இருக்கின்றனவா?