கரடிக்கு ஒரு காது பெரிசு



கொஞ்சம் நீண்ட பதிவு. கேக் பற்றியது. கணித சேருக்கு திடீரென்று என்ன நடந்தது என்று யோசிப்பவர்கள் நேரம் இருந்தால் கடைசி வரை வாசியுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை எங்கள் மகளுக்கு ஏழு வயது முடிந்தது. ஒவ்வொரு வருசமும் அவளுடைய உம்மாதான் வீட்டில் ஏதாவது ஒரு உருவத்தில் கேக் செய்வா. நாலு வயதில் முயல். ஐந்தில் வண்ணத்துப்பூச்சி. ஆறில் மீன். என்னுடைய பங்கு படம் எடுத்து இங்கே போடுவது. "மாஷா அல்லாஹ், டீச்சருக்கு நல்ல கை" என்று நீங்கள் எழுதியதற்கெல்லாம் நன்றி சொன்னதும் நான்தான்.

இந்த வருசம் அவ வீட்டில் இல்லை. இடமாற்றம் கிடைத்து மூதூர்ப் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறா. வெள்ளிக்கிழமை பாடசாலை விட்டு பஸ் ஏறினால் வெருகல், வாகரை, வாழைச்சேனை, மட்டக்களப்பு எல்லாம் தாண்டி இரவுதான் கல்முனையில் இறங்குவா. ஞாயிறு லுஹருக்குப் பிறகு திரும்பவும் பை கட்டவேண்டும். பிறந்த நாளுக்கு முந்திய வார இறுதியில் பாடசாலையில் ஒரு செயலமர்வு. அந்தக் கிழமை வர ஏலாமல் போய்விட்டது.

"ஓடர் குடுத்து எடுங்க, நான் காசு போடுறன்" என்று போனில் சொன்னா. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். விலை கேட்டேன். உருவம் செய்து தருவதென்றால் 8,500 ரூபாய் என்றார்கள். மனம் கொஞ்சம் இழுத்தது. ஆனால் பிரச்சினை காசு இல்லை.

"எனக்குக் கடைக் கேக் வேணாம். வீட்டுக் கேக்தான் வேணும்."

"வீட்டுல ஆரு மகள் செய்ற?"

"நீங்க."

"வாப்பாக்குத் தெரியாதே."

"நீங்கதானே எங்கட வகுப்புக்கு வந்து, தெரியாது எண்டு சொல்லக்கூடா, செஞ்சி பாக்குறன் எண்டு சொல்லணும் எண்டு சொன்ன?"

போன மாதம் அவளுடைய வகுப்பு டீச்சர் லீவில் நின்ற நாளில் நான் ஒரு பாடவேளை போனேன். அன்று சொன்னது இன்று என் தலையில் விழுந்தது.

அவளுக்கு மாஷா கேக் வேண்டும். சின்னப் பிள்ளைகள் இல்லாத வீட்டாருக்காகச் சொல்கிறேன்: இது ரஷ்யாவில் செய்த கார்ட்டூன். மாஷா என்று ஒரு குட்டிப் பிள்ளை. தலையில் ஸ்காப் கட்டியிருப்பாள். காட்டில் ஒரு பெரிய கரடியின் வீட்டுக்குப் போய் எல்லாக் குழப்படியும் செய்வாள். முன்னர் சர்க்கஸில் இருந்த கரடி அது. பேசாது. உறுமும், பெருமூச்சு விடும், பிறகு அவள் கொட்டியதையெல்லாம் துப்புரவு செய்யும்.

மனித முகம் செய்து பிழைத்தால் பேய் மாதிரி வந்துவிடும். கரடி பிழைத்தாலும் கரடிதான். அரை மணித்தியாலம் பேசி அவளைக் கரடிக்குச் சம்மதிக்க வைத்தேன். கரடி முகம் என்றால் ஒரு பெரிய வட்டம், இரண்டு சின்ன வட்டம். வட்டம் என் பாடம்தானே என்று ஒரு துணிச்சல்.

திங்கட்கிழமை பாடசாலை விட்டு வந்ததும் குசினிக்குள் போனேன். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்து பெண் வீட்டில் இருக்கும் மாப்பிள்ளைமாருக்குத் தெரியும், குசினி நமக்குப் பக்கத்து நாடு மாதிரி. விசா கேட்பது மாமி.

"என்ன மருமகன், தேத்தண்ணி வேணுமா?"

"இல்ல மாமி, கேக் செய்யப் போறன்."

மாமி ஒன்றும் சொல்லவில்லை. கதிரை ஒன்றை இழுத்து வாசலில் போட்டு உட்கார்ந்தா.

மனைவியிடம் ஒரு பழைய சீஆர் கொப்பி இருக்கிறது. கேக் கணக்கெல்லாம் அதில்தான். பட்டர் 250 கிராம், சீனி 250, கோதுமை மா 250, முட்டை 5, பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, வெனிலா, கொஞ்சம் பால். பக்கத்தில் சின்னதாக: "பட்டரும் சீனியும் வெள்ளையாகும் வரை அடி. அவசரப்படாதே."

ஐந்து நிமிடம் பீட்டரால் அடித்தேன். கலந்துவிட்டது, போதும் என்று முட்டையைக் கையில் எடுத்தேன். மாமி எழும்பி வந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தா. "சீனி இன்னும் நறநற எண்டு கடிபடுது."

பிறகுதான் விளங்கியது. சீனிப் பருக்கை பட்டரைக் கிழித்துக்கொண்டு ஓடும்போது உள்ளே காற்று சேர்கிறது. அந்தக் காற்றும் சேர்ந்துதான் கேக்கைத் தூக்குகிறது. அது இல்லாவிட்டால் பேக்கிங் பவுடர் தனியே நின்று என்ன செய்யும்? இன்னும் பத்து நிமிடம் அடித்தேன். மஞ்சள் நிறம் வெளுத்து பஞ்சு மாதிரி வந்தது. முட்டையை ஒவ்வொன்றாகப் போட்டேன். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் திரிந்துவிடும். மாவைக் கரண்டியால் மெதுவாகக் கிண்டினேன். மா போட்ட பிறகு பீட்டரால் அடித்தால் கேக் இறுகிவிடும்.

எட்டு அங்குல வட்டத் தட்டில் பெரும் பகுதியை ஊற்றினேன். மிச்சத்தை நாலு கப்கேக் கடதாசியில் போட்டேன். இரண்டு காதுக்கு, ஒன்று மூக்குப் பக்கத்துக்கு, ஒன்று மாமிக்கு.

கப்கேக் வெந்து, பெரிய தட்டை அவனில் வைத்து இருபத்தைந்து நிமிடம் இருக்கும். ஆசை தாங்காமல் கதவைத் திறந்து பார்த்தேன். அழகாக எழும்பி நின்றது. மூடினேன். இறக்கும்போது நடுவில் ஒரு குழி.

"ஆரு உங்களத் தொறக்கச் சொன்ன?" என்றா மாமி.

நடுப்பகுதி இறுகும் முன்பு கதவைத் திறந்தால் சூடு இறங்கி கேக் உட்கார்ந்துவிடும். கொப்பியிலும் அது எழுதியிருந்தது. நான் அடுத்த பக்கம் திருப்பவில்லை. பிள்ளைகளிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பேன், கேள்வியைக் கடைசி வரை வாசியுங்கள் என்று.

நல்ல வேளை, கரடிக்கு மூக்குப் பக்கம் முன்னுக்குத் தள்ளித்தான் இருக்கும். ஒரு கப்கேக்கைக் குழியில் வைத்தேன். சரியாக உட்கார்ந்தது. காது இரண்டையும் மேலே வைத்தேன். ஒன்று பெரிது, ஒன்று சின்னது. மாவை அளந்து ஊற்றவில்லை. கணித ஆசிரியர்!

பின்னேரம் ஐசிங் பூசத் தொடங்கினேன். வெளியே கச்சான் காற்று. வீட்டுக்குள்ளும் அனல். கேக்கில் கையை வைத்தால் இன்னும் சூடு. அது ஆறும் வரை பொறுமை இல்லை. பூசிய ஐசிங் மழையில் கரைந்த வரம்பு மாதிரி வழிந்து தட்டில் நின்றது. முப்பது பாகைக்கு மேலே பட்டர் நிற்காது. வழித்தெடுத்து பிரிட்ஜில் வைத்துவிட்டுக் கொப்பியை ஒழுங்காக வாசித்தேன். "பட்டர் பாதி, மாஜரின் பாதி, வெயிலுக்குத் தாங்கும். நல்லா ஆறினாப் பிறகு முதல் பூச்சு மெல்லிசா. தூள் எல்லாம் அதில ஒட்டட்டும். அரை மணி பிரிட்ஜ். பிறகு ரெண்டாம் பூச்சு."

இஷாவுக்குப் பிறகு திரும்பத் தொடங்கினேன். கண்ணுக்கு மார்ஷ்மலோ வாங்கி வைத்திருந்தேன். அதன் ஜெலட்டின் எதிலிருந்து எடுத்தது என்று பக்கற்றில் இல்லை. ஒதுக்கிவிட்டு வெள்ளை ஐசிங்கின் மேல் சொக்லேட் பொத்தான் வைத்தேன். கொக்கோ போடும் முன்பு கொஞ்சம் எடுத்து வைத்து, அதில் ஒரு கரண்டி மட்டும் கலந்து மூக்குப் பக்கத்துக்கு வெளிறிய நிறம் எடுத்தேன். மிச்சமெல்லாம் கடும் கபிலம். பூச்சு மேடு பள்ளமாக வந்தது. முள்ளுக் கரண்டியால் வெளிப்பக்கமாக இழுத்துப் பார்த்தேன். மேடு பள்ளமெல்லாம் கரடி மயிராக மாறிவிட்டது. அன்று நான் சரியாகச் செய்த ஒரே வேலை அதுதான்.

முதல் பூச்சு இறுகட்டும் என்று காத்திருந்த அந்த அரை மணியைத்தான் சொல்ல வந்தேன்.

மகள் நித்திரை. மாமியும் படுத்துவிட்டா. சும்மா இருந்து கொப்பியைப் புரட்டினேன். ஒவ்வொரு கேக்குக்கும் ஒரு பக்கம். வண்ணத்துப்பூச்சிப் பக்கத்தில், "சிவப்புக் கலர் கூடினால் கசக்கும்." மீன் பக்கத்தில், "செதிலுக்கு பிஸ்கட் வேணாம், ஊறிப் போகும்." முயல் பக்கத்தில் இப்படி இருந்தது:

"இரவு 1.20. கரண்ட் போய் வந்தது. காது ரெண்டு தரம் உடைஞ்சிச்சி. காலைல 7.30க்கு ஸ்கூல். அவர் நித்திரை."

முறைப்பாடு ஒன்றும் இல்லை. கணக்கு எழுதுவது மாதிரி எழுதியிருக்கிறா. ஆனால் அந்தக் கடைசி இரண்டு சொல்லைத் தாண்டி அடுத்த பக்கத்துக்கு என்னால் போக முடியவில்லை.

உண்மைதான். நான் நித்திரை. அடுத்த நாள் காலை எழும்பி முயலைப் பார்த்து என்ன சொன்னேன் என்பதும் ஞாபகம் வந்தது. "நல்லா இரிக்கி. ஒரு காது சரிஞ்சி போச்சே." சொல்லிவிட்டுப் படம் எடுத்தேன். அவவும் ஆசிரியை. அதே நேரத்துக்கு மணி அடிக்கும் பாடசாலை. அவவுக்கும் பாடக்குறிப்பு எழுதவேண்டும். நான் கெட்ட மனிசன் இல்லை, சம்பளம் கொண்டுவந்து கொடுக்கிறேன், சத்தம் போடுவதில்லை. ஆனால் அந்த மூன்று வருசமும் ஒரு நாளாவது "நீங்க படுங்க, பாத்திரத்த நான் கழுவுறன்" என்று சொன்னேனா? சொல்லவில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றவும் இல்லை.

1.30க்கு கரடி முடிந்தது. கோப்பை, தட்டு, கரண்டி எல்லாம் கழுவி வைக்க இரண்டே கால்.

காலையில் மகள் கனநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். "கரடி ஏன் வாப்பா சிரிக்குதில்ல?" வாய் போட மறந்துவிட்டேன். உருக்கிய சொக்லேட்டில் அவளே ஒரு கோடு கீறினாள். பிறகு என்னையும் கரடியையும் மாறி மாறிப் பார்த்து, "உங்களப் போலதான் இரிக்கி" என்றாள். பேசாமல் உறுமி, பெருமூச்சு விட்டு, கடைசியில் துப்புரவு செய்யும் கரடி. சரிதான்.

மஃரிபுக்குப் பிறகு சாச்சிமார், பிள்ளைகள் எல்லாரும் வந்தார்கள். மெழுகுதிரி இல்லை, பாட்டு இல்லை. மாமி துஆ ஓதினா, வெட்டிச் சாப்பிட்டோம். பாடசாலைக்கு நான் கேக் கொடுத்து விடுவதில்லை. ஒரு பிள்ளை கொண்டு வந்தால் கொண்டுவர வழியில்லாத பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும். பிறந்த நாளே நமக்குத் தேவையா என்று பள்ளியில் ஒரு மூத்தவர் அன்பாகக் கேட்டார். அவருடைய கருத்தை மதிக்கிறேன். அதைப் பேச ஆலிம்கள் இருக்கிறார்கள். இந்தப் பதிவு அதைப் பற்றியதல்ல.

உம்மாவுக்கு வீடியோ கோல் எடுத்தோம். சிக்னல் விட்டு விட்டு வந்தது. கரடியைக் காட்டினோம்.

"ஒரு காது பெரிசு" என்றா. எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறு என்னவோவும் வந்தது.

"எத்தின மணிக்கு முடிஞ்சிச்சி?"

"ஒண்டரைக்கு. முயல் பக்கத்தையும் வாசிச்சன்."

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. சிக்னல் போய்விட்டதென்று நினைத்தேன்.

"அது சும்மா எழுதினது" என்றா. பிறகு, "குசினி எப்படி இரிக்கி?"

"கழுவி வெச்சிட்டன்."

அதற்கும் பதில் இல்லை. முகத்தைத் திருப்பி அறையில் இருக்கும் மற்ற டீச்சரிடம் எதையோ சொல்லிக்கொண்டிருந்தா.

இரண்டு விசயம் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று: எங்கள் ஊரில் வீட்டில் இருந்து கேக் செய்து பிள்ளைகளைப் படிப்பிக்கும் சகோதரிகள் பலர் இருக்கிறார்கள். எனக்குச் சாமானுக்கு 3,000 ரூபாய்க்குள்தான் முடிந்தது. ஆனால் ஒரு பின்னேரமும் ஒரு இரவும் போனது. காதும் சரிவரவில்லை. 8,500 கேட்டவர் நியாயமாகத்தான் கேட்டிருக்கிறார். இனி யாரும் அவர்களிடம் "ஆயிரம் குறைங்க" என்று பேரம் பேசாதீர்கள்.

மற்றது ஆண்களுக்கு. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கொப்பி இருக்கலாம். எழுதாத கொப்பியாகவும் இருக்கலாம். அவர்கள் இடமாற்றம் போகும் வரை காத்திருக்காமல் இப்போதே வாசியுங்கள்.

அந்தக் கொப்பியில் நானும் ஒரு பக்கம் எழுதினேன். "கரடி. இரவு 1.30. கதவைத் திறக்காதே. அளந்து ஊற்று. அவ மூதூரில்."

கேக் முடிந்துவிட்டது. பெரிய காதை மட்டும் மகள் ஒரு டப்பாவில் போட்டு பிரிட்ஜில் வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை இரவு பஸ் வரும் வரை அதில் யாரும் கை வைக்கக் கூடாதாம்.