அந்நியபாஷையா, பரவசப் பேச்சா?

பாகூர் வட்டாரத்தில் கோயில் மணியோசைக்குப் பழகிய செவிகள், சிறு ஜெபவீடுகளின் ஒலிபெருக்கியிலிருந்து எழும் வேறோர் ஒலியையும் கேட்டுவருகின்றன. எம்மொழிக்கும் பிடிபடாத சொற்கள் அவை. பேசுவோர் அதனை ஆவியின் வரம் என்பர். அவ்வரங்கள் அப்போஸ்தலர் காலத்தோடு முடிந்துவிட்டன என்பாரும் உளர். இவ்வழக்கில் தீர்ப்புரைப்பது நம் வேலையன்று. எனினும் அதன் வேரில் ஒரு சொற்சிக்கல் கிடக்கிறது. அது தமிழ் கற்பிப்போர் பேசவேண்டிய பொருள்தான்.

பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலின் பதினான்காம் அதிகாரத்தை இரு பெயர்ப்புகளில் ஒப்பிட்டுப் பார்த்தோம். சீர்திருத்தச் சபைகளில் வழங்கும் பழைய பெயர்ப்பு 'அந்நியபாஷை' என்கிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் 'பரவசப் பேச்சு' என்கிறது. மூலத்திலுள்ள கிரேக்கச் சொல் 'குளோஸா'. நாக்கு என்றும் மொழி என்றும் பொருள்படுவது. 'அந்நிய' என்பதும் 'பரவச' என்பதும் பெயர்ப்பாளர் சேர்த்த விளக்கங்களே. முதற்சொல்லைப் படிப்பவர் எங்கோ ஒரு நாட்டில் வழங்கும் மொழியை எதிர்பார்க்கிறார். இரண்டாவதைப் படிப்பவர் ஒரு மனநிலையை எதிர்பார்க்கிறார். விவாதம் தொடங்குமுன்பே பாதி முடிவு செய்யப்பட்டுவிடுகிறது!

வரங்கள் ஓய்ந்தன என்போர், அற்புதங்கள் அப்போஸ்தலருக்கு அளிக்கப்பட்ட முத்திரைகள் மட்டுமே என்பர். அமெரிக்க இறையியலாளர் வார்ஃபீல்டு 1918இல் இதனை விரிவாக வாதிட்டார். பாஷைகள் ஓயும் என்று அதே மடலின் பதின்மூன்றாம் அதிகாரம் கூறுவதும் அவர்கள் தரப்பில் எடுத்துக்காட்டப்படுகிறது. ஆனால் அறிவும் ஒழியும் என்று அவ்விடமே கூறுகிறது. அறிவு ஒழிந்துவிட்டதாக எவரும் சொல்வதில்லை. எனவே அவ்வரியைக் கொண்டு மட்டும் வழக்கை முடிக்க இயலாது.

இது அமெரிக்காவிலிருந்து வந்திறங்கிய சரக்கு என்பது மற்றொரு கூற்று. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் அசூசா தெரு எழுப்புதல் நிகழ்ந்தது 1906இல். அதற்கு நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்பே, 1860இல், திருவில்லிபுத்தூர் வட்டாரத்துக் கிறிஸ்தியான்பேட்டையில் எழுந்த எழுப்புதலில் தீர்க்கதரிசனமும் பாஷைகளும் அவற்றுக்கு விளக்கமும் தோன்றியதாக அவ்வூரை நிறுவிய ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் (1810–1867) எழுதிவைத்தார். ஆக, தமிழ்மண்ணில் இதன் வேர் நாம் நினைப்பதைவிட ஆழமானது.

அது மொழிதானா என்பது வேறு கேள்வி. மொழியியலாளர் வில்லியம் சமரின் இத்தகைய பேச்சுகளைப் பதிவுசெய்து ஆராய்ந்து 1972இல் நூலாக்கினார். ஒலிகள் பேசுவோர் அறிந்த மொழிகளிலிருந்தே எடுக்கப்படுகின்றன. அசையும் ஏற்ற இறக்கமும் உண்டு. இலக்கணமோ சொற்பொருளோ இல்லை என்பது அவர் முடிபு. எனினும் அதனை அவர் மனநோய் என்று தள்ளவில்லை. மொழியல்லாத ஒன்று வழிபாடாக இருக்கலாகாதா என்ன? ஆலாபனையில் சொற்பொருளைத் தேடுவோர் இல்லை.

நம்மை உறுத்துவது பிறிதொன்று. நம் வகுப்பு மாணவி ஒருத்தி, ஞானஸ்நானம் பெற்று மூன்றாண்டாகியும் அந்நியபாஷை வாய்க்காதவள். காத்திருப்புக் கூட்டங்களில் உடன் வந்தோரெல்லாம் பேச, தான் மட்டும் தமிழிலேயே அழுதுகொண்டிருப்பதாகச் சொன்னாள். "என்கிட்ட ஆவியானவர் இல்லைங்களா ஐயா?" என்றாள். வரம் தொடர்கிறதா என்னும் கேள்வியைவிட, வரத்தைத் தேர்வு மதிப்பெண்ணாக்கலாமா என்பதே பெரிய கேள்வி என்று அன்று நமக்குத் தோன்றிற்று. எல்லாரும் பாஷைகளைப் பேசுகிறார்களா என்று பவுலே 'இல்லை' என்னும் விடையை எதிர்பார்த்துத்தான் கேட்கிறார். அவர் அவ்வரத்தைத் தடுக்கவில்லை. இருவரோ மூவரோ முறைப்படி பேசட்டும். விளக்குவோர் இல்லையேல் சபையில் மௌனம் காக்கட்டும் என்கிறார். பிறருக்கு விளங்குகிறதா என்பதே அவர் வைத்த அளவுகோல்.

பாகூருக்கு இவ்வளவுகோல் புதிதன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மன் காலத்தில் இவ்வூர்க் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைக் கூறும் செப்பேட்டில் வடமொழிப் பகுதியும் உண்டு, தமிழ்ப் பகுதியும் உண்டு. அரசகுலப் புகழ் வடமொழியில் நிற்க, நாட்டாருக்கான ஆணையைத் தமிழ் சொல்கிறது. புகழ் எம்மொழியிலும் இருக்கலாம். கொடை இன்னதென்று ஊரார் அறிய அவர்கள் மொழி வேண்டும். வரமும் ஒரு கொடைதானே!