கூட்டமாக ஏறுகிற மலை

எங்கள் தெள்ளாரில் மலை கிடையாது. ஏரி உண்டு, நெல்லும் மல்லாட்டையும் விளைகிற நிலம் உண்டு, மூன்றாம் நந்திவர்மப் பல்லவன் பாண்டியனைத் தோற்கடித்த களம் என்கிற பழம்பெருமை உண்டு. மலை வேண்டுமென்றால் வந்தவாசியைத் தாண்டி வெண்குன்றத்துத் தவளகிரிக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் செஞ்சிப் பக்கம் போக வேண்டும். போவதற்கும் ஒரு சாமி வேண்டும், ஒரு நாள் வேண்டும். பௌர்ணமி, கிருத்திகை, தீபம். இது எதுவும் இல்லாத சனிக்கிழமை காலையில் ஒருத்தன் தனியாக மலை ஏறினால், வீட்டில் ஏதோ சண்டை என்றுதான் ஊர் பேசும்.

இந்தப் புத்தியோடு தென்கொரியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் வேதியியல் சொல்லிக்கொடுக்கப் போனேன். அங்கே சனிக்கிழமை மலை ஏறாதவனைத்தான் உடம்புக்கு என்ன என்று கேட்கிறார்கள். நாட்டின் நிலப்பரப்பில் பாதிக்கும் மேல் மலை. தலைநகர் சியோலின் எல்லைக்குள்ளேயே புக்கான்சான் என்றொரு தேசியப் பூங்கா இருக்கிறது. 836 மீட்டர் உயரச் சிகரம், மெட்ரோ ரயிலில் போய் இறங்கி ஏறலாம். பரப்பளவோடு ஒப்பிட்டால் உலகிலேயே அதிகம் பேர் வருகிற தேசியப் பூங்கா என்று கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்ற மலை அது. சனிக்கிழமை காலை அந்த ரயிலில் அறுபது எழுபது வயது ஆயாக்கள் பளபளக்கும் கால்சட்டை, முகம் மூடும் தொப்பி, இரண்டு கையிலும் ஊன்றுகோல் என்று இமயமலைக்குக் கிளம்பிய தோரணையில் உட்கார்ந்திருப்பார்கள். மதியம் மூன்று மணிக்கு வீடு திரும்பிவிடுவார்கள்.

அக்டோபர் வந்தால் இந்தப் பித்து இரட்டிப்பாகும். நம்மூரில் ஐப்பசி அடைமழை. அங்கே மேப்பிள் இலை சிவக்கிற மாதம். பருவமழை எங்கே தொடங்கியது என்று நம் வானிலைக்காரர்கள் படம் போட்டுக் காட்டுவதுபோல, இலைச் சிவப்பு எந்த மலைக்கு வந்துவிட்டது என்று அங்கே தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள். மலையில் ஐந்தில் ஒரு பங்கு நிறம் மாறினால் தொடக்கம், ஐந்தில் நான்கு பங்கு மாறினால் உச்சம். வடகிழக்கில் இருக்கும் சொராக்சான் மலையில் செப்டம்பர் கடைசியில் தொடங்கி, தெற்கே நேஜாங்சானில் நவம்பர் தொடக்கத்தில் உச்சத்துக்கு வரும். பல்கலைக்கழகங்களில் பருவ இடைத்தேர்வு நடப்பதும் சொராக் உச்சத்துக்கு வரும் அதே அக்டோபர் மூன்றாம் வாரத்தில்தான். யார் போட்ட அட்டவணையோ தெரியவில்லை, ஆசிரியர்களுக்கு விரோதி.

திருத்தாத விடைத்தாள் கட்டை மேசையிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினோம். மதுரைக்கார நண்பர் ஒருவர், திருநெல்வேலிக்காரர் ஒருவர், எங்கள் துறையின் கொரிய ஆசிரியர் ஒருவர், நான். சியோலில் இருந்து கிழக்குக் கடற்கரைச் சொக்சோ நகரத்துக்குப் பேருந்தில் இரண்டரை மணி நேரம் என்பது கணக்கு. அந்த வாரக் கடைசியில் மட்டும் அந்தக் கணக்கு செல்லாது. நெடுஞ்சாலை முழுக்க வண்டி. நடுவழி ஓய்விடத்தில் கழிவறைக்கு நின்ற வரிசையில், முன்னே நின்ற பெரியவர் எங்களைத் திரும்பிப் பார்த்து, “சொராக்கா?” என்று கேட்டார். நாங்கள் தலையாட்டினோம். அவரும் தலையாட்டினார். துக்கம் விசாரித்தது மாதிரி இருந்தது.

சொக்சோவில் ஓர் அறைகூடக் கிடைக்கவில்லை. கொரிய நண்பர் அசரவே இல்லை, ஜிம்ஜில்பாங்குக்குக் கூட்டிப்போனார். பொதுக் குளியல் கூடமும் சூடேற்றிய தரை கொண்ட பெரிய மண்டபமும் சேர்ந்த இடம். சிறிய கட்டணத்தில் இரவு முழுக்கப் படுத்துக்கொள்ளலாம். ஒரே மாதிரி அரைக்கை சட்டையும் கால்சட்டையும் தருகிறார்கள். அதைப் போடுவதற்கு முன்னால் குளிக்க வேண்டும். குளியல் கூடத்தில் யார் உடம்பிலும் ஒரு நூல் இல்லை. வகுப்பில் எங்களோடு கோட்டும் கழுத்துப்பட்டையுமாக நிற்கும் நண்பர் அதே கம்பீரத்தோடு எங்களைத் தாண்டி வெந்நீர்த் தொட்டிக்குள் இறங்கினார். நெல்லைக்காரர், “அண்ணாச்சி, குத்தாலத்துலகூட ஒரு துண்டு உண்டுல்லா” என்றார். யாரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த அலட்சியம்தான் அங்கே உடை என்று சிறிது நேரத்தில் புரிந்தது.

மண்டபத்தில் குடும்பம் குடும்பமாக, குறட்டையும் குழந்தை அழுகையுமாகப் படுத்துக் கிடந்தார்கள். இருந்த இடைவெளியில் நாங்களும் முடங்கினோம். “மாப்ள, அழகர் ஆத்துல எறங்குறதுக்கு முந்துன ராத்திரி மண்டகப்படியில படுத்த மாதிரியே இருக்குடா” என்றார் மதுரைக்காரர். அவர் குரலில் அன்றைக்குத்தான் ஊர் ஏக்கம் கொஞ்சம் தணிந்திருந்தது. கூட்டம் என்றால் எரிச்சல் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். வெளிநாட்டில் ஒண்டிக் குடித்தனம் நடத்துகிறவனுக்கு அது மருந்தாகவும் இருக்கும்.

விடிவதற்கு முன் நகரப் பேருந்து பிடித்தோம். அடிவாரத்திலேயே சின்ஹுங்சா என்கிற புத்த கோயில், அதன் வாசலில் பிரம்மாண்டமான வெண்கல புத்தர். மதுரைக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, “சாமி இருக்கு. இனி ஏறலாம்” என்றார். எங்கள் இலக்கு உயரமான தேச்சொங்போங் சிகரம் அல்ல. அது 1,708 மீட்டர், நாள் முழுக்க வேலை வாங்கும். உல்சான் பாறை போதும் என்று முடிவு. ஆறு பெரும் சிகரங்களாக வரிசை கட்டி நிற்கும் கருங்கல் சுவர் அது. வடக்கே கும்காங் மலையில் பன்னிரண்டாயிரம் சிகரங்கள் கூடப்போகின்றன என்று கேள்விப்பட்டு, தெற்கே உல்சானிலிருந்து கிளம்பிய பாறை, வழியில் சொராக்கில் படுத்துத் தூங்கிவிட்டதாம். எழுந்து பார்த்தால் இடம் நிரம்பிவிட்டது, இங்கேயே தங்கிவிட்டது. நெரிசலில் அறை கிடைக்காமல் நின்ற முதல் பயணி அந்தப் பாறைதான்.

பாதை நெடுக மனிதத் தலை. பாதி வழியில் ஒரு துறவி மடத்தின் அருகே, ஆள் தள்ளினால் ஆடும், ஆனால் உருளாத பாறை ஒன்று இருக்கிறது. அதைத் தள்ளுவதுபோல நின்று படம் எடுக்க ஒரு வரிசை. அதற்கப்புறம் செங்குத்தான படிக்கட்டு. ஏறுகிறவர் ஒரு பக்கம், இறங்குகிறவர் மறுபக்கம், நடுவில் முந்தல் இல்லை. இறங்குகிறவர்களிடம் இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டால் எல்லோரும் சொல்லும் பதில் ஒன்றே: வந்துவிட்டீர்கள், இதோ. பொய் என்று இருவருக்கும் தெரியும். எங்கள் பக்கத்துப் பர்வதமலையில் சங்கிலியைப் பிடித்துத் தொங்கியபடி ஏறும்போது மேலிருந்து வருகிறவர்கள், “இதோ, அஞ்சே நிமிஷம் சாமி” என்பார்களே, அதே பொய். முன்பின் தெரியாத ஓர் ஆயா எங்களை நிறுத்தி ஆளுக்கொரு துண்டு வெள்ளரிக்காயைக் கையில் திணித்துவிட்டுப் போனார். வெள்ளரிக்காய் இல்லாமல் கொரியர் மலை ஏறுவதில்லை. நாங்கள் பதிலுக்குப் புளியோதரை நீட்டியிருப்போம், அவர் நிற்கவில்லை.

மேலே நிற்க இடமில்லை என்றாலும் கண்ணுக்கு இடம் இருந்தது. கீழே பள்ளத்தாக்கு சிவப்பும் மஞ்சளும் பழுப்பும். ஆரணியில் பட்டுத்தறி போட்டிருக்கும் மாமாவுக்குப் படம் அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். “இன்னா மாப்ள, அரக்குல மாம்பழ பார்டர். இதுக்கா அவ்ளோ தூரம் போன?” பிறகு கொஞ்சம் யோசித்து, “பச்சை கம்மியா கீது, கடைக்காரன் எடுக்க மாட்டான்” என்றும் தீர்ப்பு சொன்னார்.

அந்தக் காட்டுக்கு வயது அதிகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இறங்கும்போது கொரிய நண்பர் வேறு கதை சொன்னார். ஜப்பானிய ஆட்சியிலும் அதற்குப் பின் கொரியப் போரிலும், குளிர்காலத்து அடுப்புக்கும் தரைச் சூட்டுக்கும் விறகு வெட்டியதிலும் அந்த நாட்டு மலைகளில் பெரும்பகுதி மொட்டையாகிப் போனது. சொராக் இருப்பது 38-ஆம் அட்சக் கோட்டுக்கு வடக்கே. 1945-லிருந்து போர் வரை வடகொரியாவின் கையில் இருந்து, சண்டைக்குப் பிறகுதான் தெற்கே சேர்ந்தது. 1970-இல் தேசியப் பூங்கா ஆனது. 1973-இல் காடு வளர்ப்புக்குப் பத்தாண்டுத் திட்டம் போட்டு, ஊர் ஊராக ஆளைச் சேர்த்து மரம் நட்டார்கள். விறகுக்குப் பதில் கரிக்கட்டி வந்தது. எனக்கு வெள்ளரிக்காய் கொடுத்த ஆயா வயதுக்காரர்கள் பள்ளிக்கூடத்துச் சிறுமிகளாக அந்த மரங்களை நட்டவர்கள். அதனால்தான் அவ்வளவு உரிமையோடு நடக்கிறார்களோ என்று தோன்றியது.

அடிவாரத்தில் உருளைக்கிழங்கு அடையும் மக்கொல்லி என்கிற அரிசிக் கள்ளும். மலையின் மேல் குடிக்கக் கூடாது, 2018-இலிருந்து பூங்காச் சிகரங்களிலும் தங்குமிடங்களிலும் மது விலக்கு. இருட்டிய பின் ஏறவும் அனுமதி இல்லை. குப்பையைக் கையோடு கீழே கொண்டுவர வேண்டும். கழிவறை சுத்தமாக இருந்தது, தண்ணீர் வந்தது. காகிதம்கூட இருந்தது. இதை மட்டும் சொல்ல ஒரு கட்டுரை எழுதலாம்.

கொரியர்களுக்கு ஒழுங்கு ரத்தத்திலேயே ஊறியது என்று சொல்லி முடித்துவிடலாம். அது உண்மையில்லை. 2022 அக்டோபர் 29 இரவு சியோலின் இத்தேவோனில் ஒரு குறுகிய சந்தில் நெரிசல் ஏற்பட்டு 159 உயிர்கள் போயின. பெரும்பாலும் என் மாணவர்கள் வயதுப் பிள்ளைகள். அதே நாடு, அதே மக்கள், அதே அக்டோபர். சொராக்கில் கூட்டம் வரும் என்று யாரோ முன்கூட்டியே எதிர்பார்த்துப் படி கட்டியிருந்தார்கள். இத்தேவோனில் அன்று அப்படி எதிர்பார்க்க வேண்டியவர்கள் எதிர்பார்க்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

நம் கதையையும் பார்க்க வேண்டும். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் 23 பேர் இறந்த பிறகு, மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 பாதைகளை முன்பதிவும் வழிகாட்டியுமாகத் திறந்திருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் இணையத்தில் பணம் கட்டி வருகிற பத்துப் பேருக்குக் கிடைக்கும் கவனிப்பு, பௌர்ணமிக்குப் பர்வதமலையில் வெறுங்காலோடு ஏறும் ஆயிரக்கணக்கானவர்களுக்கும் கிடைக்க வேண்டும். சுமார் 4,500 அடி மலை, கடைசிப் பகுதியில் கடப்பாரைப் படியும் இரும்புச் சங்கிலியும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை மலை சரிந்து அடிவாரத்தில் ஏழு பேர் இறந்தார்கள். அந்த ஆண்டுக் கார்த்திகைத் தீபத்துக்குப் பக்தர்கள் மலையேறத் தடை போட்டார்கள். அன்றைக்கு அது சரி. ஆனால் தடை ஒன்றே ஏற்பாடாகிவிடாது.

கூட்டத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. சாமியை நம்பி வருகிறவனை யாரும் தடுக்கவும் முடியாது, தடுக்கவும் கூடாது. வனத்துறையும் அறநிலையத்துறையும் உட்கார்ந்து பேசி, ஏற ஒரு வழி, இறங்க ஒரு வழி, நடுவில் தண்ணீர், பெண்களுக்குக் கழிவறை, இத்தனை மணிக்கு மேல் ஏற்றம் இல்லை என்று ஒரு பலகை, அதன்படி நடக்க வைக்க நான்கு ஆட்கள் என்று தொடங்கினால் போதும். அதுவரைக்கும், அடுத்த பௌர்ணமிக்குத் தென்மகாதேவமங்கலம் வழியாகவோ கடலாடி வழியாகவோ ஏறுகிறவர்கள் தண்ணீர் பாட்டிலோடு ஒரு காலிப் பையையும் எடுத்துப் போங்கள். கொண்டுபோன பாட்டிலைக் கீழே கொண்டுவந்து போடுங்கள்.